காக்கா எங்கே உட்கார்ந்தது

கீரமங்கலத்திலிருந்து வருகிற காலை பஸ்ஸில் பூ மூட்டைகளுக்கு நடுவே உட்கார இடம் கிடைத்தாலும் எனக்கு நிம்மதி கிடைக்காது. ஆலங்குடி தாண்டுவதற்குள் வீட்டுப் பூட்டு ஞாபகத்துக்கு வந்துவிடும். பூட்டினேனா? பூட்டி இழுத்துப் பார்த்தேனா? இழுத்துப் பார்த்தது இன்றைக்கா, நேற்றைக்கா? பூட்டு முடிந்தால் அடுப்பு. அடுப்பு முடிந்தால் தண்ணீர் மோட்டார். இதற்காகவே என் வீட்டுக்காரர் வயலுக்குப் போகிற வழியில் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு போன் போடுவார். "பூட்டு, அடுப்பு, மோட்டாரு, மூணும் பாத்தாச்சு. வச்சுரவா?" அவர் வைத்த பிறகு, நிஜமாகவே பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று அடுத்த யோசனை தொடங்கும்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வறுமையால் நின்றேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்தேன். பரீட்சை முடிந்தும் எழுந்து போகப் பயமாக இருந்தது. அப்புறம் யாரும் எழுப்பவில்லை. பிறகு ஸ்டெபிலைசர் கடையில் கம்பிச் சுருள் சுற்றினேன், செல்போன் கடையில் சால்டரிங் பழகினேன். இப்படிப்பட்டவள் அணுவுக்குள் இருந்து வருகிற ஒரு பொருளைப் பிடிக்கிற கருவிக்கு வேலை செய்கிறேன் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. நானும் ரொம்ப நாள் நம்பவில்லை.

எங்கள் வேலையிடம் புதுக்கோட்டையை ஒட்டி, சித்தன்னவாசலுக்குப் போகிற ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. அதை நடத்துகிறவர் திருமயம் பக்கத்து ஊர்க்காரர். வியாபாரக் குடும்பம், சொந்தக்காரர்கள் எல்லோரும் பெரிய பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களை எங்கள் பக்கத்தில் வயது பாராமல் ஆச்சி என்போம். இவருக்கு என் வயதுகூட இருக்காது. முதல் நாள் நான் "மேடம்" என்று கூப்பிட்டபோது, கூட வேலை செய்கிற அக்கா, "மேடமாவது மண்ணாவது, ஆச்சின்னு கூப்புடு. அவுகளே திரும்பிப் பாப்பாக" என்றார். அதிலிருந்து எனக்கும் அவர் ஆச்சிதான். அக்கா கறம்பக்குடிக்காரர். வாய் ஓயாது. கை அதைவிட வேகம்.

பெரிய படிப்புப் படித்து, வெளியூரில் பெரிய வேலையில் இருந்தவர் எதற்காக இந்த மாடிக்கு வந்தார் என்று அக்கா ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

ஆச்சி யோசிக்காமல் சொன்னார். "நான் முன்னாடி இருந்த கட்டடத்துல எங்கிட்டுப் பாத்தாலும் லிஃப்ட் மோட்டாரு, ஏசி மோட்டாரு. நம்ம பிடிக்கப் போற கரண்ட் ரொம்பச் சின்னது. அந்த எரைச்சல்ல காணாமப் போயிரும். இங்க கீழ ஒரே ஒரு கம்ப்ரஸர்தான். டயர்க்கடை அண்ணன்கிட்டச் சொன்னா நிறுத்திருவாரு."

அப்படித்தான் நடந்தது. டெஸ்ட் செய்யும் நேரத்தில் ஆச்சி ஜன்னலிலிருந்து ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவார். கீழே டயர்க்கடைக்காரர் கம்ப்ரஸரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். துணி உள்ளே போனால் அவரும் திரும்பி வருவார். மாடியில் இருப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று எனக்குப் புரிந்தது அந்தத் துணியைப் பார்த்துத்தான். தெருவில் ஒரு மோட்டார் சுற்றினாலே கலங்கிவிடுகிற மெஷின். எனக்கு அதன்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

என்ன பிடிக்கிறோம் என்பதை ஆச்சி விளக்கியது மொட்டை மாடியில்தான். சர்க்யூட் போர்டு துடைக்கிற துணிகளை அலசிக் காயப்போடப் போயிருந்தோம். ஆச்சி கொடிக்கயிற்றின் இரண்டு முனைகளையும் அவிழ்த்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மறுமுனையை அக்காவிடம் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கங்க. கயித்தை இழுத்துப் பிடிங்க. இப்ப ஒரு காக்கா வந்து உக்காருது. எங்க உக்காந்துச்சுன்னு சொல்லணும்."

ஈரத்துணி ஒன்றைக் கயிற்றில் எங்கோ போட்டார். என் கை சட்டென்று கீழே இழுபட்டது.

"எனக்கு நல்லாக் கனக்குது ஆச்சி" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலயே. காக்கா அவ பக்கந்தான்" என்றார் அக்கா.

துணியை நகர்த்தினார். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே கனம். "நடுவுல!" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். பிறகு அக்கா பக்கம். பிறகு மறுபடி என் பக்கம், ஆனால் கொஞ்சம் தள்ளி. கண்ணைத் திறக்காமலே, "ஒனக்கு எவ்வளவு கனக்குது, எனக்கு எவ்வளவு கனக்குது" என்று ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு, துணி இருக்கிற இடத்தை ஒரு சாண் பிசகாமல் சொன்னோம்.

"ஒருத்தர் மட்டும் பிடிச்சிருந்தா?" என்றார் ஆச்சி.

அக்கா சொன்னார்: "தெரியாது. குண்டுக் காக்கா தூரத்துல உக்காந்துச்சா, ஒல்லிக் காக்கா கிட்ட உக்காந்துச்சான்னு தெரியாது."

ஆச்சி கைதட்டினார். அவ்வளவுதான் விஷயம் என்றார். ஒரு நீளமான உலோகக் குழாய். உள்ளே ஒரு வாயு. நடுவே முனைக்கு முனை மெல்லிய கம்பி. நாங்கள் பிடிக்கப் போவது நியூட்ரான், அணுவின் நடுவில் இருக்கிற ஒரு துகள். அதற்கு மின்சாரமே கிடையாது; எந்தக் கம்பிக்கும் தெரியாமல் கடந்து போய்விடும். ஆனால் அந்த வாயு அதை விழுங்கி உடைகிறது. உடைந்த இடத்தில் கொஞ்சம் மின்சாரம் கம்பியில் விழுகிறது. அது இரண்டு முனைக்கும் பங்கு பிரிந்து ஓடுகிறது. கிட்டே இருக்கிற முனைக்குக் கூடுதல், எட்ட இருக்கிற முனைக்குக் குறைச்சல். இரண்டு முனையிலும் நாங்கள் செய்கிற தகரப் பெட்டி ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கும். வந்த பங்கைப் பெரிதாக்கி அனுப்பும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, இங்கேதான் விழுந்தது என்று புள்ளி வைக்கும். கண்ணுக்குத் தெரியாத, தொட முடியாத ஒன்று எங்கே வந்து உட்கார்ந்தது என்று சொல்லிவிடலாம். அதற்கு வேண்டியதெல்லாம் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி உணர்கிற இரண்டு கைகள்.

அன்றைக்கு பஸ்ஸில் நான் பூட்டை நினைக்கவில்லை. காக்காவை நினைத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஒரே மாதிரி உணர்வதுதான் கஷ்டம். ஒரு பெட்டி லேசாகக் குறைத்துச் சொன்னாலும் எல்லாக் காக்காவும் மறுபக்கம் நகர்ந்துவிடும். பெட்டிக்குள் இருக்கிற பெரிய ரெசிஸ்டர் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட விடவே விடாது. அதன் மேலே விரல் அழுக்கோ வியர்வையோ பட்டால், காற்று ஈரமாகும்போது அந்த அழுக்கே ஒரு குறுக்குப் பாதையாகிவிடும். ஆச்சி இதைச் சொன்ன அன்றிலிருந்து என் உள்ளங்கை வேர்க்கத் தொடங்கியது. வேர்க்கக் கூடாது என்று நினைத்தால் இன்னும் வேர்க்கும். ஒருநாள் வீட்டிலிருந்து முகப்பவுடரைக் கொண்டுவந்து கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டேன்.

ஆச்சி மூக்கை உறிஞ்சினார். "யாரு கல்யாணத்துக்குக் கெளம்பினது?"

"இவதான். போர்டுக்குப் பூ வாசம் வரட்டும்னு" என்றார் அக்கா.

ஆச்சி சிரித்தார், திட்டவில்லை. பவுடரும் அழுக்குத்தான் என்று சொல்லி, இரட்டைக் கையுறை கொடுத்தார். ஒவ்வொரு போர்டையும் முடித்ததும் ஸ்பிரிட்டில் பிரஷ் தோய்த்துக் கழுவச் சொன்னார். நான் கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அந்த வேலை எதற்கு என்பதையும் ஆச்சி மறைக்கவில்லை. வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சுவர் போல அடுக்கிய குழாய்கள் வரப் போகின்றன. அதற்கு மாதிரியாகச் சில ஜோடிப் பெட்டிகள் கேட்டிருக்கிறார்கள். அவை தேறினால் மொத்தச் சுவருக்கும் பெட்டி எங்கள் மாடியில். தேறாவிட்டால் வேலை பெரிய கம்பெனிக்குப் போய்விடும். "அப்படிப் போயிருச்சுன்னா, மாடியைக் காலி பண்ணிட்டு நான் பழைய வேலைக்கே கெளம்பணும். உங்க ரெண்டு பேருக்கும் வேற எடத்துல சொல்லி விடுறேன். இப்பவே சொல்லிர்றேன், பெறகு சொல்லலைன்னு வருத்தப்படக் கூடாது" என்றார். வேறு இடம் என்றால் மறுபடியும் செல்போன் கடை. காக்கா இல்லாத இடம். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆயுத பூஜை வந்தது. மேசை எல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வைத்தோம். முடித்த பெட்டிகளை ஒரு தட்டில் அடுக்கியிருந்தோம். கடைசிச் சோதனை பாக்கி என்பதால் மூடிகளுக்கு ஸ்குரூ போடவில்லை. சும்மா மேலே வைத்திருந்தோம். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு ஒரு சுற்று வந்தார். சால்டரிங் அயர்ன் ஸ்டாண்டுக்குப் பொட்டு, அலை காட்டுகிற ஸ்கோப்புக்குப் பொட்டு, லென்ஸ் விளக்குக்குப் பொட்டு. கீழே போய்க் கம்ப்ரஸருக்கும் வைத்துவிட்டு வந்தார். "இன்னைக்காவது அது கம்முன்னு இருக்கட்டும்." நான் என் பெட்டிகள் இருந்த தட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டபடி, தேறணும் தேறணும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஆள் வருவதற்கு முந்தின நாள் காலையில், கடைசி ஜோடியைச் சோதனைக்கு வைத்தோம். எங்களிடம் நியூட்ரான் கிடையாது. அதற்குப் பதில் ஆச்சி ஒரு பொய்க் குழாய் செய்திருந்தார்: நீளமான கம்பி, அதில் சம இடைவெளியில் மின்துடிப்பைத் தட்டுகிற இடங்கள். ஒவ்வொரு இடத்தில் தட்டும்போதும் திரையில் ஒரு கூர்முனை எழும்பும். எல்லாம் சரியாக இருந்தால் புதிதாக வாங்கிய சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக நிற்கும். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அன்றைக்குப் பற்கள் எல்லாம் ஒரு பக்கமாய் ஒதுங்கி, அடி தடித்துப் போயிருந்தன.

சிவப்புத் துணி தொங்குகிறதா என்று பார்த்தேன். தொங்கியது. கீழே கம்ப்ரஸர் சத்தமும் இல்லை. பெட்டிகளின் அடியில், யார் செய்தது என்று தெரிய நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்போம். அக்காவுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. அந்த ஜோடியில் ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. எதில் கோளாறு என்று நான் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆச்சி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. பெட்டிகளும் ஓடி ஓடிச் சூடேறியிருந்தன. பற்கள் மெல்ல மெல்ல நகர்ந்து, அவரவர் இடத்துக்கு வந்து நின்றுவிட்டன.

"அப்பாடா, சரியாயிருச்சு" என்றார் அக்கா.

"சரியாகல அக்கா. ஒளிஞ்சுக்கிருச்சு" என்றார் ஆச்சி. பெட்டிகளைத் திறக்கவில்லை. இப்போது திறந்தால் ஈரம் போய்விட்டிருக்கும், காரணமும் தெரியாது, காலையில் அது கெட்டிருக்கும்போதுதான் பிடிக்கவேண்டும் என்று அப்படியே வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கொட்டுகிற மழை. வந்தவர் தலை நரைத்தவர், முதுகில் பை, கையில் சுருங்கிய குடை. தமிழ்க்காரர்தான், ஆனால் வடக்கே போய் வெகு காலம் ஆகியிருக்கும் போல. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசினார். டீ கொடுக்கும்போது அக்கா அவரிடம், இந்த மெஷினை வைத்து என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார்.

"நான் சோப்புத் தண்ணீர் பார்க்கிறேன்மா. சோப்புத் துணுக்குகள் தண்ணிக்குள்ள எப்படிக் கூட்டம் கூட்டமா சேருதுன்னு. நியூட்ரானை அதுக்குள்ள விட்டா, அது எந்தப் பக்கம் சிதறிப் போகுதோ, அதை வச்சுக் கூட்டத்தோட அளவு, உருவம் எல்லாம் சொல்லலாம்."

அக்கா என்னிடம் திரும்பி, "நம்ம துணி தொவைக்கிறப்பப் பாக்காததையா இவரு பாக்கப் போறாரு" என்று முனகினார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எங்களுக்குச் சோப்பு சார் ஆகிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் ஆச்சியின்மேல் இருந்தது. மத்தியானம்வரை ஏதாவது பேசி இழுத்தடித்தால் போதும். பெட்டி தானாகவே சரியாகிவிடும். சித்தன்னவாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைக்கலாம். சாப்பாடு போடலாம். இதையெல்லாம் ஆச்சியின் காதில் சொல்ல நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

அதற்குள் ஆச்சி அவர் முன்னால் போய் நின்றார். "சார், டெஸ்டுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நேத்துக் காலையில கடைசி ஜோடி ஒரு பக்கமாச் சாஞ்சு காட்டுச்சு. மத்தியானம் தானாச் சரியாயிருச்சு. காரணம் எனக்கு இன்னும் தெரியல. அதையே மொதல்ல வச்சுப் பாக்கலாமா?"

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஆச்சிக்கு என்னத்தா ஆச்சு?" என்று மூச்சுக்குள் கேட்டார்.

சோப்பு சார் குடையை ஓரமாக வைத்தார். "சரியாயிடுச்சுன்னா விட்டிருக்கலாமே."

"நீங்க மழைக்காலத்துக் காலையில மெஷின் முன்னாடி உக்கார மாட்டீங்களா சார்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

படம் வந்தது. சாய்ந்த பற்கள். நேற்றைவிட மோசம்.

அதற்குப் பிறகு ஆச்சி செய்ததை நான் இன்றைக்கும் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். வீட்டில் பால் பொங்கினால்கூட நாங்கள் முதலில் கேட்பது, யார் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றுதான். ஆச்சி யார் என்று கேட்கவே இல்லை. எங்கே என்று மட்டும் தேடினார். இடது முனைப் பெட்டியை வலதில் மாட்டினார், வலதை இடதில் மாட்டினார். "சாய்வு அதே பக்கம் இருந்தா கம்பில கோளாறு. பக்கம் மாறுச்சுன்னா பெட்டில கோளாறு" என்றார், எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பக்கம் மாறியது.

பெட்டியைத் திருப்பினார். சிவப்புப் புள்ளி.

என் கையுறைக்குள் வியர்வை வழிந்தது. "ஆச்சி, நான் நல்லாத்தான் கழுவுனேன். ரெண்டு தடவை கழுவுனேன். அதுக்கு மேலயும் கழுவுனேன்" என்று உளறினேன்.

"கழுவியிருப்பீங்க. அது எனக்குத் தெரியும். வாங்க, லென்ஸ் லைட்டை இங்கிட்டுத் திருப்புங்க. மூடியைத் தொறப்போம்" என்றார் ஆச்சி. அந்தக் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. விளக்கைத் திருப்ப என் கை தானாகப் போனது.

சோப்பு சார்தான் முதலில் பார்த்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு ஆச்சி பார்த்தார். அவரும் நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தலைகளுக்கும் நடுவே எட்டிப் பார்த்தேன்.

பெரிய ரெசிஸ்டரின் மேலே, கச்சிதமாக நடுவில், மிளகு அளவுக்குச் சந்தனம். அதன் மேல் ஊசிமுனை அளவுக்குக் குங்குமம். சந்தனம் ஈரத்தில் ஊறி, போர்டுவரை வழிந்து ஒட்டியிருந்தது.

"ஆத்தாடி" என்றார் அக்கா. அது அவர் வாயிலிருந்து வந்த விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. "அது… மூடியில வச்சா தகரத்துக்குத்தானே சேரும்னு… உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் கெடைக்காதுல்ல…"

"அதுக்கு ரெசிஸ்டர் மேலயா வைப்பீங்க?" என்றார் ஆச்சி. குரல் நடுங்கியது. கோபமா சிரிப்பா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"அதுதான் ஆச்சி பெருசா இருந்துச்சு. அதான் தலைன்னு நெனச்சேன்."

ஆச்சி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இவ்வளவு பொட்டி இருக்கையில அந்த ஒண்ணுக்கு மட்டும் எதுக்கு அக்கா?" என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்த்து முறைத்தார். "எல்லாம் ஒன்னாலதான்! தட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எம் பொட்டி தேறணும், எம் பொட்டி தேறணும்னு பொலம்புன. பாக்கச் சகிக்கல. சரி, இந்தப் புள்ளையோட பொட்டிக்கு மட்டும் உள்ளயே வச்சு விடுவோம், இதாவது நல்லாத் தூங்கட்டும்னு வச்சேன். நல்லதுக்குக் காலமில்ல போ."

கை வேர்த்துப் போர்டைக் கெடுப்பேனோ என்று பயந்து பயந்து கழுவினேன். கடைசியில் அந்தப் பயத்தைப் பார்த்து இரக்கப்பட்ட ஒருத்தி கெடுத்திருக்கிறாள். அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கிள்ள வேண்டும் போலவும் இருந்தது.

சோப்பு சார் இப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "எங்க ரியாக்டர்லயும் பூஜை போடுவோம்மா" என்றார் அக்காவிடம். "கதவுல வைப்போம். வெளிப்பக்கம்."

"அந்த வெவரம் எனக்கு யாரு சொன்னா?" என்றார் அக்கா.

ஆச்சி பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். அந்தப் போர்டை நானே கழுவவேண்டும் என்று அவர் நினைத்ததை நான் மறக்கமாட்டேன். சந்தனத்தைச் சுரண்டாமல் கரைத்து, ஸ்பிரிட்டால் கழுவி, சிறிய சூட்டடுப்பில் வைத்துக் காயவைத்தேன். மாட்டினோம். பற்கள் நேராக நின்றன. நான் சோப்பு சாரின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. "இப்ப சூட்டுல காய்ஞ்சிருக்கு. நேத்து மத்தியானமும் இப்படித்தானே நின்னுச்சு?" என்றார். "நாளைக்குக் காலையில வரேன். ராத்திரி பூரா ஈரத்துல கிடக்கட்டும்."

"ஜன்னலையும் தொறந்து வச்சிர்றேன் சார். ஈரம் நல்லா உள்ள வரட்டும்" என்றார் ஆச்சி உடனே.

எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது. தேறிவிட்ட பெட்டியை எதற்கு மறுபடி நனைய வைக்கிறார்கள்? சொல்லப்போனால், அவர்கள் இரண்டு பேரும் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளிகள். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. நான் பயந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பேன். அவர்கள் பயந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்க்கிறார்கள்.

"அதுவரைக்கும் இங்க உக்காந்து எங்களை மொறைச்சுப் பாக்காம, சித்தன்னவாசல் போய்ச் சித்திரத்தைப் பாத்துட்டு வாங்க சார். அதுவும் மேல குகைக் கூரையில ஈரம் படாம இருக்கப் போயித்தான் இவ்வளவு காலம் கெடக்கு" என்று அக்கா அவரை அனுப்பிவைத்தார்.

மறுநாள் நான் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டுக்காரர் போன் போட்டு, "பூட்டு, அடுப்பு…" என்று தொடங்கியதும், "அது கெடக்கட்டும், மழை பெய்யுதா அங்க?" என்றேன். "ஊத்துது" என்றார். நல்லது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மாடியில் தரையெல்லாம் சாரல். தாள்கள் நமத்துப் போயிருந்தன. ஆச்சி எனக்கு முன்பே வந்து, கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் நகத்தைக் கடித்திருந்ததை அன்றுதான் கவனித்தேன். சோப்பு சார் வந்தார். சிவப்புத் துணியை நான்தான் தொங்கவிட்டேன். கீழே கம்ப்ரஸர் நின்றது. டயர்க்கடைக்காரர் டீக்கடைக்குப் போகாமல், நனைந்துகொண்டே அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அக்கா அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

முதல் பல் எழும்பியது. இரண்டாவது. அடுத்தது. ஒவ்வொன்றும் அதன் இடத்தில், மெலிந்து, கூர்மையாய். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசை பிசகவில்லை. சோப்பு சார் பெட்டிகளை இடம் மாற்றிப் பார்த்தார். அப்போதும் பிசகவில்லை.

பிறகு எழுந்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆச்சியிடம் கேட்டார். "மிச்சத்தை எப்ப ஆரம்பிப்பீங்க?"

ஆச்சி பதில் சொல்வதற்குள் அக்கா ஜன்னலுக்குப் போய், "அண்ணே, கம்ப்ரஸரைப் போடுங்க! மாடி காலியாகல!" என்று கத்தினார்.

கிளம்பும்போது ஆச்சி சோப்பு சாரிடம், முந்தின நாள் காலையில் அந்தக் கோளாறைச் சொல்லியிருக்காவிட்டால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். அவர் படியில் நின்று யோசித்தார். "பெட்டியை வாங்கிட்டுப் போயிருப்பேன். அப்புறம் அங்க ஒரு மழைக்கால காலையில என் சோப்புத் தண்ணிமேல சந்தேகப்பட்டிருப்பேன்" என்றார். குடையை மறந்துவிட்டுப் போனார். இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

சுவர் முழுவதற்கும் பெட்டி செய்து அனுப்பி முடித்த பிறகு, ஒருநாள் ஆச்சியின் போனுக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மேசையைச் சுற்றி நின்று பார்த்தோம். நடுவிலிருந்து வெளியே போகப் போக மங்குகிற ஒரு வட்டம்; கிணற்றில் கல் விழுந்தால் பரவுகிற அலை மாதிரி. சோப்புத் தண்ணீருக்குள் போய்ச் சிதறிய நியூட்ரான்கள் வந்து உட்கார்ந்த இடங்கள் அத்தனையும் அதில் இருந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு முனையில் இரண்டு பெட்டி. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. கண்ணால் யாரும் பார்க்காததை, எங்கள் டயர்க்கடை மாடியிலிருந்து போன பெட்டிகள் தொட்டுச் சொல்லியிருக்கின்றன.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். வட்டத்தின் நட்ட நடுவில், கறுப்பாக ஒரு ஓட்டை. அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"ஆச்சி! நடுவுல செத்துக் கெடக்கு! எம் பொட்டிதான். அந்தக் கொழாயில எம் பொட்டிதான் போயிருக்கும்!"

ஆச்சி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "அது நேர்க்கதிரு வந்து விழுற எடம். சோப்புல படாம நேரா வந்து அடிச்சா குழாய் தாங்காது. அதனால நடுவுல அவங்களே ஒரு தகட்டை வச்சு மறைச்சிருக்காங்க. அது நிழல்."

"நெசமாவா? கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டுட்டேன். படம் வந்ததும் அதைத்தான் மொதல்ல கேட்டேன்" என்றார் ஆச்சி.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டுக்கும் இடையில நான் ஒருத்தி மாட்டிக்கிட்டேன் பாரு."

இந்த வருஷமும் ஆயுத பூஜை நெருங்குகிறது. சந்தனத்தை ஆச்சி தடுக்கவில்லை. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாப் பெட்டிக்கும் மூடி போட்டு ஸ்குரூ முறுக்கிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். முறுக்குகிற வேலை என்னுடையது. முறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்ப்பேன். பிறகு அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருவார்.